மண்ணைப் பார்த்து நடப்பவர்கள்: கங்காரு தீவில் எகிட்னா தேடிய நாட்கள்

வெள்ளி, பென்னஷா

தெற்கு ஆஸ்திரேலியக் கடலோரம் இருக்கும் கங்காரு தீவுக்குப் போக லீவு கேட்டபோது ஆபீசில் எல்லாரும் "சீல் பார்க்கவா?" என்றார்கள். எகிட்னா பார்க்க என்றேன். உடம்பெல்லாம் முள்ளும் நீண்ட மூக்குமாக, எறும்பு தின்று வாழும் சின்ன விலங்கு அது. ஒருவர் பாக்கெட்டில் கைவிட்டு ஐந்து சென்ட் காசை எடுத்து என் மேசையில் வைத்தார். "இந்தா, பார்த்துக்கோ. செலவு மிச்சம்." 1966-ல் புது நாணயங்கள் வந்ததிலிருந்து அந்தக் காசின் பின்பக்கத்தில் எகிட்னாதான் இருக்கிறது.

நக்கலில் நியாயமும் இருக்கத்தான் செய்கிறது. ஆஸ்திரேலியாவில் எகிட்னா இல்லாத நிலம் என்று ஒன்றைச் சொல்வது கஷ்டம். பாலைவனத்தில் உண்டு, பனி விழும் மலையில் உண்டு, நகரத்தை ஒட்டிய புதர்க்காட்டிலும் உண்டு. இருந்தும் அதை நின்று நிதானமாகப் பார்த்தேன் என்று சொல்கிறவர்கள் குறைவு. அடிலெய்டுக்குக் குடிவந்த பிறகு நான் பார்த்ததெல்லாம் கார் ஜன்னலில் ஒரு நொடி வந்து போனவையும், ரோட்டோரம் அடிபட்டுக் கிடந்தவையும்தான்.

இந்தத் தீவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. இங்கே நரியும் கிடையாது, முயலும் கிடையாது. இங்குள்ள எகிட்னா தனி உள்ளினம். பெருநிலத்து எகிட்னாவைவிட முட்கள் மெலிந்து, நீண்டு, வெளிறிய நிறத்தில் இருக்கும். பெகி ரிஸ்மில்லர் என்ற ஆய்வாளர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தீவின் பெலிகன் லகூன் கரையில் தங்கி இவற்றைப் பின்தொடர்ந்திருக்கிறார். எகிட்னாவின் குடும்ப வாழ்க்கை பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவர் கொடுத்தது. போதாக்குறைக்கு இது ஆகஸ்ட், ஜோடி சேரும் பருவம்.

கூட வந்திருப்பவர் என் மாமனார். கம்பத்தில் திராட்சையும் வாழையும் போட்டவர், மகளைப் பார்க்க வந்து குளிரில் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார். மனைவிதான் "அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க" என்று ஏற்றிவிட்டாள். கேப் ஜெர்விஸிலிருந்து பென்னஷாவுக்குக் கப்பலில் முக்கால் மணி நேரம். கடல் கொஞ்சம் ஆட்டிவிட்டது. அந்த ஆட்டத்திலும் மாமா விடவில்லை.

"முள்ளம்பன்றி பாக்கவா மாப்ள இம்புட்டு தூரம்? எங்க தோட்டத்துக்கு ராத்திரி வந்தா நாலஞ்சு காட்டுவேனே."

"இது வேற மாமா. இது முட்டை போடும்."

"முட்டை போடுமா?"

"போட்டு, பொரிச்சு, பால் குடுக்கும்."

அதற்குப்பின் பென்னஷா வரும்வரை அவர் பேசவில்லை. முட்டையிடும் பாலூட்டிகளில் உலகத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஐந்தே இனம்தான். ஒன்று வாத்துபோல் அலகு உள்ள பிளாட்டிபஸ், மற்ற நான்கும் எகிட்னா. அந்த நான்கில் மூன்று நீள மூக்கு வகை. நியூ கினி மலைகளில் மட்டும் இருப்பவை. நாங்கள் தேடிவந்தது நாலாவது, குட்டை மூக்குக்காரர்.

சனி, அமெரிக்கன் ரிவர்

பறவை பார்க்கிறவர்களுக்கு இல்லாத ஒரு சௌகரியம் எகிட்னா பார்க்கிறவர்களுக்கு உண்டு. குளிர்காலத்தில் விடியற்காலை அலாரம் வைக்க வேண்டாம். இதன் உடம்புச் சூடு நம்மைவிடக் குறைவு, 32 டிகிரி சொச்சம். குளிர்ந்த காலையில் அதுவும் படுக்கையை விட்டு எழுவதில்லை. வெயில் கொஞ்சம் ஏறி மண் சூடான பிறகுதான் நடமாட்டம். கோடையில் இதற்கு நேர் எதிர்: பகல் சூடு ஆகாது, அந்தியிலும் இரவிலும்தான் மேயும். ஆகவே சாவகாசமாகத் தோசை சுட்டு (மாவு அடிலெய்டிலிருந்தே வந்தது), பத்து மணிக்குக் கிளம்பினோம்.

அமெரிக்கன் ரிவரிலிருந்து பழைய மீன் ஆலையின் இடிபாடு வரை கடலோரமாக ஒரு நடைபாதை போகிறது. வழியெல்லாம் ஷீ-ஓக் மரங்கள். மாமா ஒரு கிளையை இழுத்துப் பார்த்து "சவுக்கு" என்றார். நம் சவுக்கின் பங்காளிதான் அது. நான் புதர்களுக்குள் கண்ணை விட்டுக்கொண்டு நடந்தேன். மாமா தரையை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை, ஆயுள் முழுக்க வயல் வரப்பைப் பார்த்தே நடந்த பழக்கம்.

"மாப்ள, இங்கிட்டு வாங்க. என்னமோ கிண்டிப் போட்டிருக்கு."

பாதையிலிருந்து நாலடி தள்ளி சருகெல்லாம் ஒதுக்கப்பட்டு, மண் தாறுமாறாகப் புரண்டு கிடந்தது. பள்ளத்தின் அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, சாய்வாக உள்ளே போயிற்று. அந்த ஓட்டைதான் அடையாளம். முன்கால் நகத்தால் மேல்மண்ணைப் பிளந்துவிட்டு மூக்கை அப்படியே குத்தி இறக்குகிறது எகிட்னா. பாண்டிகூட் என்ற சின்ன விலங்கும் இத்தீவில் குழி பறிக்கும், ஆனால் அது கூம்பாக, சுத்தமாகப் பறிக்கும். எகிட்னாவின் வேலையில் அந்த நேர்த்தி கிடையாது. பக்கத்தில் மக்கிய கட்டை ஒன்று நாராகக் கிழிந்து கிடந்தது. அதுவும் இவர் வேலைதான்.

ஒன்றைக் கண்டுபிடித்ததும் எல்லாம் தெரிய ஆரம்பித்தது. இவ்வளவு நேரம் நாங்கள் நடந்து வந்த பாதையின் இரண்டு பக்கமும் கிண்டிப் போட்ட மண்தான். ஒரு எகிட்னா வருஷத்துக்குச் சுமார் 200 கனமீட்டர் மண்ணைப் புரட்டிப் போடுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, சருகு மண்ணோடு கலக்கிறது. மாமா மண்ணைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தார். "உழவு கூலி மிச்சம்" என்றார்.

அடுத்து அவர் கண்ணில் பட்டது புழுக்கை. விரல் கனம், உருளையாக நீண்டு, முனை வெட்டிவிட்டது போல் மொட்டையாக இருந்தது. உடைத்தால் பெரும்பாலும் மண். நடுவே எறும்பு ஓடுகள் வெயிலில் மினுங்கின. நாக்கில் ஒட்டிக்கொண்டு எறும்போடு மண்ணும் உள்ளே போவதால் வெளியே வருவதும் மண்தான். நான் பையிலிருந்து ஜிப் கவரை எடுத்து அதை உள்ளே போட்டபோது மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அடிலெய்டு பல்கலைக்கழகம் 2017-ல் எகிட்னா-சிஎஸ்ஐ என்று ஒரு திட்டம் தொடங்கியது. எகிட்னாவைப் பார்க்கிறவர்கள் செல்போன் ஆப்பில் படத்தைப் போடலாம், புழுக்கையையும் சேகரித்து அனுப்பலாம். அதிலிருக்கும் டிஎன்ஏவையும் ஹார்மோனையும் வைத்து, விலங்கைத் தொடாமலேயே அதன் உடல்நலம், இனப்பெருக்கம் பற்றிப் படிக்கிறார்கள். இதை விளக்கிய பிறகும் கவரைத் தோசை டப்பா இருந்த பையில் வைக்க மாமா சம்மதிக்கவில்லை.

பகல் ஒரு மணி இருக்கும். பாதைக்கு மேலே புல்லுக்கு நடுவில் இருந்த உருண்டை ஒன்று நகர்ந்தது. நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு இரண்டடி வைத்தேன், சருகு சத்தம் போட்டது. அவ்வளவுதான், அது நின்ற இடத்திலேயே இறங்க ஆரம்பித்தது. ஓடவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்கு காலும் ஒரே சமயத்தில் வயிற்றுக்கடியில் மண்ணைத் தள்ள, உடம்பு மட்டமாக, நேர் கீழாகப் பூமிக்குள் போயிற்று. ஒரு நிமிஷத்துக்குள் மிச்சமிருந்தது புல்லுக்கிடையில் மஞ்சளும் கறுப்புமாக நிற்கும் முட்கள் மட்டும். அந்த முள் முள்ளம்பன்றியின் முள்போல் கழன்று வராது. ஒவ்வொன்றும் கெட்டியாகிப்போன ரோமம், அடியில் தனித்தனி தசை. ஒன்றைச் சாய்த்து இன்னொன்றை நிமிர்த்தி மண்ணில் ஊன்றிக்கொள்ளும். மண்வெட்டி இல்லாமல் அதை எடுக்க முடியாது. எடுக்கவும் கூடாது. தோண்டினால் மூக்கும் காலும் அடிபடும், அதன் மடியில், அதாவது வயிற்றுத் தோல் மடிப்பில், குட்டி இருந்தால் அதுவும் போச்சு.

பின்வாங்கி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். மாமா வெற்றிலைக்கு ஏங்கினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் முள்ளுக்கு நடுவிலிருந்து ஒரு மூக்கு மட்டும் வெளியே வந்து காற்றை முகர்ந்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டது.

ஞாயிறு, மழை

நாள் முழுக்க மழை, வெளியே போகவில்லை. ஹீட்டர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மாமாவுக்கு முட்டைக் கதை சொன்னேன்.

எகிட்னாவை ஐரோப்பியர்களுக்கு முதலில் எழுத்தில் அறிமுகப்படுத்தியவர் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர், 1792-ல். அதே வருஷம், பவுண்டி கப்பல் கலகத்தில் பேர் அடிபட்ட கேப்டன் பிளை டாஸ்மேனியாவில் அட்வென்சர் பே என்ற இடத்தில் இறங்கினார். அவருடைய ஆட்கள் ஒரு எகிட்னாவைச் சுட்டார்கள். படம் வரைந்தார்கள், குறிப்பு எழுதினார்கள், அப்புறம் வறுத்துத் தின்று ருசியாக இருந்ததென்றும் எழுதி வைத்தார்கள். விஞ்ஞானம் அந்த வரிசையில்தான் வளர்ந்தது.

இது முட்டையிடுகிறதா, குட்டி போடுகிறதா என்ற சண்டை மட்டும் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஓடியது. ஆதிக்குடி மக்களுக்கு விஷயம் தெரியும். அவர்கள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்ளத்தான் லண்டன் தயாராக இல்லை. 1884-ல் வில்லியம் கால்டுவெல் என்ற இளம் ஆய்வாளர் குயின்ஸ்லாந்தின் பர்னெட் ஆற்றங்கரையில் முகாம் போட்டு, அந்தப் பகுதி ஆதிக்குடி மக்களைக் கொண்டே ஆயிரத்துக்கும் மேல் எகிட்னாக்களைப் பிடிக்க வைத்தார். ஒரு பிளாட்டிபஸ் முட்டையோடு அவர் கையில் கிடைத்தது. உடனே தந்தி. ஆங்கிலத்தில் நாலே சொல்: இவை முட்டையிடுபவை, முட்டையோ பறவை, ஊர்வன ரகம். அந்தத் தந்தி செப்டம்பர் 2 அன்று கனடாவின் மாண்ட்ரியலில் விஞ்ஞானிகள் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது.

அதே செப்டம்பர் 2. அடிலெய்டில் தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் இயக்குநர் வில்ஹெல்ம் ஹாக்கே இன்னொரு கூட்டத்தில் எழுந்து ஒரு முட்டை ஓட்டைக் காட்டினார். எகிட்னாவின் முட்டை. அந்த எகிட்னா போனது இந்தக் கங்காரு தீவிலிருந்து. அதன் மடிக்குள் கைவிட்டபோது முட்டை தட்டுப்பட்டதில் ஹாக்கேவுக்கு ஏற்பட்ட ஆச்சரியத்தில், விரலால் அமுக்கி அதை உடைத்தே விட்டார்.

"நூறு வருசமா தேடுனதை அமுக்கிப் பாத்தாரா?"

"ஆமா மாமா."

மாமா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நேற்றிலிருந்து அவர் ஒரு எகிட்னாவைப் பற்றி மரியாதையாகப் பேசியது அப்போதுதான்: "அது பேசாம படுத்திருந்திருக்கும் பாவம்."

திங்கள், ஃப்ளிண்டர்ஸ் சேஸ்

தீவின் மேற்குக் கோடிக்குப் போனோம். 2019 டிசம்பரில் மூண்ட தீ 2020 ஜனவரி வரை எரிந்ததில் தீவில் ஏறக்குறைய பாதி போனது. ஃப்ளிண்டர்ஸ் சேஸ் தேசியப் பூங்காவின் பெரும்பகுதியும் அதில் அடக்கம். இப்போது மல்லி என்று இங்கே சொல்கிற குட்டை யூகலிப்டஸ் மரங்கள் அடித்தூரிலிருந்து கொத்துக் கொத்தாகத் தழைத்து நிற்கின்றன. உள்ளே இருக்கும் கரிக்கட்டைகளைத் தேடினால்தான் தெரிகிறது.

தீயில் எகிட்னா என்ன செய்யும்? ஓட அதற்குக் கால் பற்றாது. மண்ணுக்குள் போய், உடம்புச் சூட்டைக் கீழே இறக்கி, அடுப்பை அணைத்துவிட்டுக் கிடக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் வாரம்பங்கிள் பகுதியில் எரிந்த காட்டில் எகிட்னாக்களுக்குக் கருவி பொருத்திப் பார்த்தார்கள். தீக்குப் பின் அவை அடிக்கடி இந்த மாதிரி உறக்கத்தில் இறங்கி, நடமாட்டத்தையும் தீனித் தேவையையும் குறைத்துக்கொண்டன. டாஸ்மேனியாவின் எகிட்னாக்களோ மாதக்கணக்கில் குளிர்உறக்கம் போடுகின்றன. எல்லாம் தப்பிவிடுகின்றன என்று இதற்கு அர்த்தமில்லை. இத்தீவு எகிட்னா அழியும் ஆபத்தில் உள்ளவை பட்டியலில்தான் இருக்கிறது. காட்டில் திரியும் வீட்டுப்பூனை குட்டிகளைத் தூக்குகிறது, கார் ஏறுகிறது, மேய்ச்சல் நிலத்து மின்வேலியில் மாட்டிச் சாகிறது. மின்வேலி என்றதும் மாமா தலையை ஆட்டினார். "அங்கயும் அதே கதைதான்." தீவின் கிழக்கே டட்லி மூவலந்தீவின் குறுகிய கழுத்தில் வேலி போட்டு, பூனைகளை முழுதாக ஒழிக்கும் வேலை நடக்கிறது.

ராக்கி ரிவர் பக்கம் வெயில் அடித்த சரிவு ஒன்றில் எறும்புப் புற்றுகள் இருந்தன. சரளைக்கல் பரப்பிய தட்டையான மேடுகள், இறைச்சி எறும்பு என்று இங்கே சொல்கிற வகை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புற்றின் மேல்பாகத்தில் சிறகு முளைத்த இளம் ராணிகள் இருக்கும். கொழுப்பு நிறைந்தவை. அந்தச் சமயத்தில் கடியையும் பொருட்படுத்தாமல் எகிட்னா புற்றைப் பிளக்கும், அதுவும் பெரும்பாலும் வடக்குப் பக்கத்தில். தென்கோளத்தில் வெயில் விழும் பக்கம் அதுதான், ராணிகளும் சூட்டுக்கு அங்கேதான் ஒதுங்கும். ஒரு புற்றின் வடக்குப் பக்கம் புதிதாகப் பிளந்திருந்தது. மண் இன்னும் ஈரம் காயவில்லை.

இந்த முறை நடக்கவில்லை. காற்று எங்கள் முகத்தில் அடிக்கிற மாதிரி இடம் பார்த்து, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டோம். எகிட்னாவுக்குக் கண் சுமார்தான். காது கூர்மை, மண்ணில் வரும் அதிர்வை அதைவிட நன்றாக உணரும். அசையாத மனிதன் அதற்குக் கிட்டத்தட்ட இல்லாத மாதிரி.

சரிவின் மேலிருந்து அது வந்தது. முதலில் சத்தம்தான்: உஸ் உஸ் என்று மூக்கால் சீறி மண்ணை ஊதித் தள்ளும் சத்தம். பிறகு ஆள். ஒன்றரை அடி நீளம் இருக்கும். பக்கவாட்டில் அசைந்து அசைந்து நடை. ஒவ்வொரு கல்லிடுக்கிலும் மூக்கைக் கொடுத்துச் சோதித்தபடி நேரே எங்களை நோக்கி வந்தது. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றடிக்குள் வந்ததும் நான் பார்த்தவற்றை அப்படியே எழுதுகிறேன். மூக்கு பென்சிலைவிடக் கொஞ்சம் தடி, கறுப்பு, நுனி மட்டும் எண்ணெய் தடவியது போல் ஈரம். வாய் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை, மூக்கின் அடியில் சின்னப் பிளவு, அதிலிருந்து இளஞ்சிவப்பு நாக்கு போய்ப் போய் வந்தது. நிமிஷத்துக்கு நூறு தடவை நீட்டி இழுக்குமாம், முழுக்க நீட்டினால் 18 சென்டிமீட்டர் வரை. பல் கிடையாது. எறும்பை நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துத்தான் விழுங்குகிறது. மூக்கு நுனியில் ஒரு சளிக் குமிழி பெருத்து, உடைந்து, மறுபடி பெருத்தது. வியர்க்கத் தெரியாத இந்தப் பிராணி வெயில் காலத்தில் அந்த ஈரத்தை ஆவியாக்கியே மூக்குக்குள் ஓடும் ரத்தத்தைக் குளிர்விக்கிறது என்று 2023-ல் கர்ட்டின் பல்கலைக்கழகத்தார் வெப்பக் கேமராவில் காட்டினார்கள். அதே நுனித்தோலில் மின்புலத்தை உணரும் ஏற்பிகளும் உண்டு, சுமார் 400. தண்ணீருக்குள் இரை தேடும் பிளாட்டிபஸுக்கு 40,000. காய்ந்த மண்ணில் எகிட்னாவுக்கு அந்த 400 எவ்வளவுக்கு உதவுகிறது என்பது விவாதத்துக்குரிய விஷயம்.

என் ஷூவில் மூக்கை வைத்தது. லேஸை நக்கியது. பிடிக்கவில்லை போல, ஷூவின் மேல் ஏறிக் கடந்தது. கணுக்காலில் முள் உரசியது. அப்போதுதான் பின்காலைப் பார்த்தேன்: பாதம் பின்பக்கம் திரும்பியிருந்தது. மண்ணை உடம்புக்குப் பின்னால் தள்ளிப்போட அந்த அமைப்பு. இரண்டாவது விரலில் மட்டும் நகம் நீண்டு வளைந்திருந்தது. இரண்டடி தள்ளிப் போய் நின்று, அந்த நகத்தை முள்ளுக்கிடையில் முதுகு வரை செலுத்திச் சொறிந்துகொண்டது. உண்ணி இருக்கும். வெகுநேரம் சொறிந்தது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டது.

படம் ஒன்றுகூட எடுக்கவில்லை. கேமராவைத் தூக்கியிருந்தால் அது அங்கேயே மண்ணுக்குள் போயிருக்கும்.

செவ்வாய், டட்லி மூவலந்தீவு

தங்கியிருந்த வீட்டுக்காரம்மா காலையில் கதவைத் தட்டினார். "நீங்க எகிட்னா பார்க்கத்தானே வந்தீங்க? பின்பக்கப் புதர்க்காட்டுல ஒரு வாரமா ஒரு ரயில் ஓடுது. மெதுவாப் போங்க."

எகிட்னா ரயில் என்பது இந்தப் பருவத்தின் பெரிய காட்சி. ஒரு பெண் முன்னால் நடக்கும், பின்னால் ஆண்கள் ஒன்றன் பின் ஒன்றாக, முன்னதன் வாலை மூக்கு தொடும் தூரத்தில். பத்து ஆண்கள் வரை பின்தொடர்ந்ததுண்டு. கடைசிப் பெட்டி பெரும்பாலும் வயதில் இளையது. இது ஒரு மணி நேர விவகாரம் அல்ல. சில நாளிலிருந்து ஆறு வாரம் வரை இழுக்கும்.

பதினொரு மணிக்குக் கண்டுபிடித்தோம். பெண்ணுக்குப் பின்னால் நாலு ஆண்கள். அவள் நின்று மண்ணைக் கிண்டினால் நாலு பேரும் நின்றார்கள். அவள் கட்டையைச் சுற்றிப் போனால் அதே வளைவில் நாலு பேரும் சுற்றினார்கள், குறுக்கே போக வழி இருந்தும். சண்டை, கடி, கத்தல் எதுவும் இல்லை. மூன்றாமவன் மட்டும் ஒரு எறும்புப் பொந்தில் சபலப்பட்டுப் பின்தங்கி, அப்புறம் மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டே ஓடிவந்து, நாலாமவனுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டான். இடம் போனதுதான்.

"ரேசன் கடை வரிசையிலகூட எவனும் இப்படி நிக்க மாட்டான் மாப்ள" என்று மாமா காதோரம் கிசுகிசுத்தார்.

ஒன்றரை மணி நேரம் கூடவே போனோம், அதாவது அவை நகர்ந்தபோது நின்றோம், நின்றபோதும் நின்றோம், தூரம் அதிகமானால் மட்டும் சுற்றி வந்து முன்னால் உட்கார்ந்தோம். கடைசியில் அந்தப் பெண் ஒரு புதரின் அடிமரத்தில் முகத்தைப் புதைத்து வயிறு மண்ணில் படப் படுத்தாள். முன்காலால் பிடிமானம் தேடிக் கொஞ்சம் கிண்டினாள். ஆண்கள் அவளைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள், நடந்தபடியே தோண்டவும் செய்தார்கள். ரிஸ்மில்லர் விவரித்திருப்பது இதுதான்: ஆண்கள் சுற்றிச் சுற்றி வந்து அவளைச் சூழ ஓர் அகழி வெட்டுவார்கள், ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்துக்கு. அதற்குள் தலையால் முட்டி ஒருவரையொருவர் வெளியே தள்ளுவார்கள். கடைசிவரை அகழிக்குள் நிற்பவனுக்கே பெண். ஒரே ஒரு ஆண் மட்டும் இருந்தால் வட்டம் தேவைப்படாது, ஒரு பக்கத்தில் நேராகத் தோண்டுவான்.

முதல் தள்ளுமுள்ளு தொடங்கியதும் நாங்கள் கிளம்பிவிட்டோம். ஒரு வாரம் பொறுத்த ஆள்கள் நம்மால் கலைய வேண்டாம். கூட வந்தவர் மாமனார் என்பதும் ஒரு காரணம். எகிட்னா ஆணின் உறுப்புக்கு நாலு தலை உண்டு, ஒரு தடவைக்கு இரண்டாகத்தான் பயன்படுத்தும் என்ற தகவலை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்து, சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.

திரும்பும் வழியில் மிச்சத்தைக் கேட்டார். சேர்க்கைக்குப் பிறகு மூன்று நாலு வாரத்தில் ஒரே ஒரு முட்டை, திராட்சை அளவுக்கு, ஓடு தோல்போல் இருக்கும். அதைத் தாய் தன் வயிற்று மடிப்பில் வாங்கிக்கொள்கிறது. பத்து நாளில் பொரிகிறது. வெளிவரும் குஞ்சின் எடை ஒரு கிராம்கூட இல்லை. காம்பு கிடையாது, தோலில் இரண்டு இடத்தில் பால் கசியும், குஞ்சு அதை உறிஞ்சிக்கொள்ளும். முள் முளைக்கத் தொடங்கும்வரை, ஏழு வாரம் போல, மடியில் சுமப்பாள். பிறகு வளையில் வைத்து மண்ணால் வாயை மூடிவிட்டு மேயப் போவாள். ஐந்தாறு நாளைக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்க வருவாள். ஏழு மாதத்தில் பால்குடி மறக்கும், அதோடு தாய்க்கும் பிள்ளைக்கும் உறவு முடிந்தது. எல்லா வருஷமும் ஈனுவதும் இல்லை. ஒரு பூனை ஒரு வளையைக் கண்டுபிடித்தால் நஷ்டம் ஏன் பெரிது என்பது இதிலிருந்து புரியும்.

"திராட்சை அளவா?" மாமா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். "பன்னீரா, விதையில்லாததா?"

புதன், கப்பலுக்குப் போகும் வழி

பென்னஷாவுக்கு முன்னால் ரோட்டின் நடுவில் ஒன்று. ஹசார்டு லைட்டைப் போட்டு நிறுத்தினேன். பின்னால் வந்த யூட் வண்டிக்காரர் ஹார்ன் அடிக்கவில்லை, எஞ்சினை அணைத்துவிட்டு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மூன்று நிமிஷம் எடுத்து அது ஓரம் சேர்ந்தது. ரோட்டில் எகிட்னாவைப் பார்த்தால் கையால் தள்ளாதீர்கள். பயந்தால் தாரில் தோண்ட முடியாமல் அங்கேயே சுருண்டுகொள்ளும். கட்டாயம் நகர்த்த வேண்டிய ஆபத்து என்றால் தடித்த துண்டோ போர்வையோ வைத்துத் தூக்கி, அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே ஓரத்தில் விடுங்கள். வேறு இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். வளையில் குட்டி காத்திருக்கலாம்.

போக நினைப்பவர்களுக்கு: ரயில் பார்க்க ஜூன் முதல் செப்டம்பர் ஆரம்பம் வரை, பகல் பத்திலிருந்து மூன்று மணிக்குள். மழைக்கு மறுநாள் வெயில் வந்தால் அந்த நாளை விடாதீர்கள். அந்தி மயங்கினால் தீவில் வண்டி ஓட்டாதீர்கள், கங்காருவும் வாலபியும் ரோட்டுக்கு வந்துவிடும். ஷூ பழையதாக இருக்கட்டும். கப்பலுக்கு முன்பதிவு அவசியம், காருக்கும் சேர்த்து. பள்ளி விடுமுறையில் இடம் கிடைக்காது.

புழுக்கைக் கவர் இப்போது டிக்கியில், மாமாவின் பெட்டியிலிருந்து முடிந்தவரை தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தபாலில் அனுப்ப வேண்டும்.